சேனலை நீக்கிவிட்டார்கள்... யாரிடம் போய்க் கேட்பது?

இந்த முறை ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த பெண். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 38. கணவருடன் சேர்ந்து வெள்ளாடு வளர்க்கிறார். கன்னி ஆடு, கொடி ஆடு என்ற நாட்டு இனங்கள் இரண்டும் உண்டு. ஏழு வருஷமாக ஒரு பெரிய வீடியோ தளத்தில் சேனல் நடத்திவந்தார். பரண் கொட்டகை போடுவது, பசுந்தீவனம், குடற்புழு நீக்கம், மழைக்காலத்தில் வரும் நோய் என்று எல்லாம் கைப்பட்ட அனுபவம். சந்தாதாரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். விளம்பர வருமானத்தில்தான் மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்.

போன மாதம், குட்டி ஈன முடியாமல் தவித்த ஓர் ஆட்டுக்கு உதவி செய்வதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். முன்னங்கால் மடங்கி நின்ற குட்டியை, கையைக் கழுவி எண்ணெய் தடவி, மெதுவாக நேராக்கி வெளியே எடுக்கும் 14 நிமிட வீடியோ. தாயும் குட்டியும் பிழைத்தன. இரண்டாம் நாள் ஆங்கிலத்தில் ஒரு மெயில்: அதிர்ச்சியூட்டும் வன்முறைக் காட்சி, தொடர்ந்த விதிமீறல், சேனல் நீக்கப்பட்டது. அப்பீல் செய்தார். ஆறு நிமிடத்தில் நிராகரித்துவிட்டார்கள். அதே கணக்கோடு இணைந்திருந்த மெயிலும், மாமனார் உயிரோடு இருந்தபோது எடுத்த குடும்பப் படங்களும் இப்போது திறக்கவில்லை. அந்தச் சேமிப்பிடத்துக்கு அவர் மாதாமாதம் பணமும் கட்டிவருகிறார்.

அவர் கேட்பவை நான்கு. “அரசியல் சட்டம் கொடுத்த பேச்சுரிமையை இவர்கள் மீறிவிட்டார்கள், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் ஒரே நாளில் திரும்பக் கிடைக்கும் என்கிறான் என் தம்பி. இலவசமாகக் கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், கேட்க நாம் யார் என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி? ஒருவரை நீக்கும் அதிகாரத்தை இந்தக் கம்பெனிகளுக்கு யார் கொடுத்தது, அதை அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டால் என்ன? இனிமேல் சொந்தமாக வெப்சைட் ஆரம்பித்துவிட்டால் யாரும் தொட முடியாதுதானே? உள்ளே ஆள் இருக்கிறது, 15,000 ரூபாய் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் போன் செய்கிறார், கொடுக்கலாமா?”

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம். கொடுக்காதீர்கள். அப்படி மீட்டுத் தரும் ஆள் எந்த நிறுவனத்துக்குள்ளும் கிடையாது. கணக்கை இழந்தவர்கள் பொது இடத்தில் புலம்பி எழுதுவதைத் தேடிப் பிடித்து அழைப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இவர்கள். கொஞ்சமாவது முன்பணம் கொடுத்திருந்தால், ஓடிபி சொல்லியிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இப்போது உங்கள் வழக்குக்கு வருகிறேன். ஏழு வருஷ உழைப்பை ஒரு மெயிலில் துடைத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம் கடிதம் முழுக்க இருக்கிறது. அது நியாயமான ஆத்திரம். ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு விவரம். அப்பீல் போட்டது இரவு 10.12, நிராகரிப்பு வந்தது 10.18. வீடியோவின் நீளம் 14 நிமிடம். யாரும் அதை முழுதாகப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதில் நீங்கள் தமிழில் என்ன விளக்கம் சொன்னீர்கள் என்பதை யாரும் கேட்கவும் இல்லை. அந்த இரண்டு மெயில்களையும் நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அது.

தம்பி சொல்வதும் வீட்டுக்காரர் சொல்வதும்

இரண்டுமே பாதி சரி.

அரசியல் சட்டப் பிரிவு 19(1)(அ) தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிராக நமக்குள்ள உரிமை. தனியார் நிறுவனம் ஒன்று தன் தளத்திலிருந்து ஒருவரை நீக்கும்போது அந்தப் பிரிவு அப்படியே பாய்ந்து வராது. உச்ச நீதிமன்றத்தின் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவுக்கே இது நடந்தது. 1936-ல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. கூட்டம் முழுக்க நாஜி வணக்கத்துக்குக் கை நீட்டி நிற்க, ஒரே ஒரு தொழிலாளி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் படத்தை ஹெக்டே தன் ட்விட்டர் பக்கத்தின் முகப்பில் வைத்திருந்தார். நாஜிகளை எதிர்க்கும் படத்தையே வெறுப்புப் படம் என்று காரணம் காட்டி 2019-ன் இறுதியில் அவர் கணக்கை முடக்கினார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். சட்டத்தை உள்ளங்கையில் வைத்திருப்பவருக்கும் அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தனியார் நிறுவனத்தின் மீது ரிட் செல்லுமா என்ற கேள்வியிலேயே காலம் போகும். உங்கள் தம்பி சொல்லும் ‘ஒரே நாள்’ கிடையாது.

2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது. உங்கள் மாதிரி மனுதாரர்களுக்கு அது திறந்துவைத்த கதவு. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு வருவோம். “இலவசம்தானே, கேட்க நாம் யார்?” இந்த எண்ணத்தால்தான் பலர் முதல் மனுவைக்கூடப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் போட்ட வீடியோவுக்கு நடுவே விளம்பரம் ஓட்டிச் சம்பாதித்ததில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் உங்களுக்கு மீதியைக் கொடுத்தார்கள். அது இருதரப்பு வியாபாரம். அதைவிட முக்கியம், இந்தத் தளங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் கீழ், 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இடைநிலை நிறுவனங்களுக்கான, அதாவது மற்றவர்கள் போடும் பதிவுகளுக்கு இடம் தரும் தளங்களுக்கான, விதிகளைக் கொண்டுவந்தது. அதில் விதி 4(8) உங்களுக்கானது. 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட சமூக ஊடக நிறுவனம், தானாக முன்வந்து ஒரு பதிவை நீக்குகிறது என்றால், நீக்குவதற்கு முன்பே அந்தப் பயனருக்கு என்ன செய்யப்போகிறோம், எதனால் என்று தெரிவிக்க வேண்டும். அவர் மறுத்துப் பேசவும், திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் போதிய, நியாயமான வாய்ப்பு தர வேண்டும். அந்தத் தகராறு தீர்க்கப்படுவதை இந்தியாவில் வசிக்கும், நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் மேற்பார்வையிட வேண்டும். 2022 அக்டோபரில் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசியல் சட்டத்தின் 14, 19, 21 ஆகிய பிரிவுகள் குடிமக்களுக்குத் தரும் உரிமைகளை நிறுவனம் மதிக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டது. ‘என் பேச்சுரிமையை மீறிவிட்டாய்’ என்று நேராகச் சொல்வதைவிட, ‘நீ பின்பற்றக் கடமைப்பட்ட விதியை மீறிவிட்டாய்’ என்று சொல்வதுதான் உங்கள் வழக்குக்கு வலுவான அஸ்திவாரம்.

விதி 4(8) ‘பதிவு’ பற்றித்தான் பேசுகிறது, ‘கணக்கு’ பற்றி இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஒரு வீடியோவை நீக்கவே முன்னறிவிப்பு வேண்டும் என்றால் ஏழு வருஷ வீடியோ அத்தனையையும் சேர்த்து நீக்க அது வேண்டாமா என்பது நம் பதில். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இருக்கிறது.

இந்த அதிகாரமே கூடாதா?

“யார் கொடுத்தது?” என்று கேட்டீர்கள். கொஞ்சம் நீங்கள் ‘சம்மதம்’ என்று அழுத்திய ஒப்பந்தம் கொடுத்தது. கொஞ்சம் சட்டம் கொடுத்தது. நிறுவனத்தின் விதிகளை மீறினால் கணக்கை ரத்து செய்யும் உரிமை உண்டு என்பதை அவ்வப்போது பயனர்களுக்குச் சொல்லுங்கள் என்று அதே 2021 விதிகள்தான் அவர்களுக்குக் கட்டளையிடுகின்றன.

அந்த அதிகாரம் வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்றால், இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அதற்கு முன்பும் அந்த நாள்களிலும் பேஸ்புக்கில் சிங்களத்தில் கொலைவெறிப் பதிவுகள் சுற்றின. புகார் செய்தவர்களுக்கு, அவை விதிமீறல் அல்ல என்று பதில் வந்தது. அரசு அவசரநிலை அறிவித்துச் சமூக ஊடகங்களையே சில நாள் முடக்கிய பிறகுதான் நிறுவனம் அசைந்தது. 2020-ல் தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது. மியான்மரில் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்பியதாக ஐ.நா. உண்மையறியும் குழு சுட்டிக்காட்டிய பிறகு, 2018 ஆகஸ்டில் ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கின் கணக்கை பேஸ்புக் நீக்கியது. அது ஓராண்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். நீக்கும் அதிகாரமே இருக்கக் கூடாது என்று நாம் வாதாடினால் இந்த மாதிரி நேரத்தில் யாரிடம் போய் நிற்பது?

ஒன்றைக் கவனித்தீர்களா? திகனவில் நீக்க வேண்டியதை நீக்காமல் விட்டார்கள். உங்களிடம் நீக்கக் கூடாததை நீக்கினார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பதிவின் மொழி தெரிந்த, இடம் பொருள் அறிந்த ஒரு மனிதர் அதைப் பார்க்கவில்லை. இரத்தமும் பனிக்குட நீரும் கலந்து குட்டி வழுக்கி விழுவது இயந்திரத்தின் கண்ணுக்கு வன்முறை. “பயப்படாதீங்க, ஆட்டுக்கு வலிக்காம எடுக்கணும், அவசரப்பட்டு இழுக்கக் கூடாது” என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போவது அதன் காதில் விழவே இல்லை.

இதே மாதிரி குஜராத்தில் நடந்தது. பொறியாளர் ஒருவர் தன் பழைய குடும்பப் படங்களை இணையச் சேமிப்பில் ஏற்றினார். அதில் இரண்டு வயதில் பாட்டி அவரைக் குளிப்பாட்டும் படமும் இருந்தது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படம் என்று சந்தேகித்து கூகுள் அவர் கணக்கை முடக்கிவிட்டது. மெயில் போனது, தொழிலும் பாதித்தது. 2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் அவர் மனுவை எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்கும் அரசுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. குழந்தைகளைக் காக்கும் வடிகட்டி தேவை. அதில் மாட்டிய பாட்டியின் படத்தை எடுத்துப் பார்க்க ஓர் ஆளும் தேவை.

ஆட்டுச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர், நோய் பிடித்த ஆட்டை ஓட்டி வந்தவரை வெளியே போகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எந்த ஆடு, என்ன நோய் என்று காட்டாமல், ஏழு வருஷம் வந்துபோன ஒருவரை இனி வாசலையே மிதிக்காதே என்று விரட்ட அவருக்கு உரிமை இருக்கக் கூடாது. ஜெர்மனியின் உச்சபட்ச சிவில் நீதிமன்றம் 2021 ஜூலையில் பேஸ்புக் வழக்கில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. நிறுவனம் தனக்கென்று சட்டத்தைவிடக் கடுமையான விதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பதிவை நீக்கினால் உடனே பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், கணக்கை முடக்குவதாக இருந்தால் முன்கூட்டியே காரணம் சொல்லி அவர் பதிலைக் கேட்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நடைமுறையில் இருக்கும் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் காரணம் எழுதித் தரச் சொல்கிறது. மறுபரிசீலனையை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறது. நிறுவனத்துக்கு வெளியே தீர்வு தேடவும் வழி வைக்கிறது. உங்கள் ஆறு நிமிட நிராகரிப்பு அங்கே நிற்காது. இங்கேயும் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் உங்களை மனு போடச் சொல்கிறேன்.

அரசாங்கமே இந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் என்ன என்கிறீர்கள். சகோதரி, அரசிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்தக் கணக்கையும் வெப்சைட்டையும் முடக்க உத்தரவிடலாம். 2009-ல் வந்த அதன் நடைமுறை விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. அதனால் முடக்கப்பட்டவருக்கே உத்தரவின் நகல் கிடைக்காமல் போவது சகஜம். நிறுவனம் காரணம் சொல்லவில்லை என்று புகார் சொல்லும் நாம், காரணத்தையே ரகசியமாக வைக்கும் இடத்தில் போய் அதிகாரத்தைக் குவிப்பதா? 2023-ல் மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவுசெய்யும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒன்றுக்கு விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற அதே சட்டத்தின் 66-ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்ததும் நினைவிருக்கலாம். நிறுவனம் தவறு செய்தால் கேட்க ஒரு மேல்முறையீடு, அரசு தவறு செய்தால் கேட்க நீதிமன்றம். நமக்கு இரண்டுமே வேண்டும்.

சொந்த வெப்சைட் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல யோசனை, ஆரம்பியுங்கள். ஆனால் யாரும் தொட முடியாது என்று நினைக்க வேண்டாம். பெயரைப் பதிவுசெய்து தருபவர் ஒருவர், இடம் வாடகைக்குத் தருபவர் ஒருவர், தாக்குதலிலிருந்து காப்பவர் ஒருவர் என்று வெப்சைட்டுக்கும் வீட்டு உரிமையாளர்கள் பலர். 2017-ல் அமெரிக்காவில் நாஜி ஆதரவு வெப்சைட் ஒன்றைக் கைகழுவிய கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் தலைவர் மேத்யூ பிரின்ஸ், இப்படி ஒரு முடிவை எடுக்கும் அதிகாரம் ஒரு தனி ஆளிடம் இருக்கக் கூடாது என்று தாமே எழுதினார். 2021 ஜனவரியில் பார்லர் என்ற சமூக ஊடகத்துக்கு அமேசான் சர்வர் இடத்தை நிறுத்தியதும் அது முழுதாக இருட்டாகிவிட்டது. அந்த இரண்டு தளங்களுக்காகவும் நான் வருத்தப்படவில்லை. அடித்தளத்தில் இருப்பவர் கையை எடுத்தால் மேலே இருப்பது எவ்வளவு சீக்கிரம் விழும் என்பதற்காகச் சொல்கிறேன். சொந்த வெப்சைட்டில் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: எல்லா வீடியோவின் நகலும் உங்கள் கையில் இருந்தால், வாடகை இடத்தை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே மறுபடி திறக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியவை

*முதல் மனு, குறைதீர் அலுவலருக்கு.* நீங்கள் பொத்தானை அழுத்திப் போட்ட அப்பீல் நிறுவனத்தின் உள்விவகாரம். சட்டம் சொல்லும் புகார் அது ஆகாது. இந்தியாவுக்கான குறைதீர் அலுவலரின் பெயரும் முகவரியும் அவர்கள் தளத்தில் கட்டாயம் இருக்கும். அவருக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். முடிவுக்கு 2021 விதி முதலில் வைத்த கெடு 15 நாள்; 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 7 நாளாகக் குறைத்தது. இந்தக் கெடுக்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், அனுப்பும் நாளில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த வீடியோ, எந்த விதியின் எந்த வரியை மீறியது என்று கேளுங்கள். வீடியோவில் நீங்கள் பேசியதை எழுத்தில் தந்து ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். 10.12, 10.18 இரண்டு மெயிலையும் சேருங்கள். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம், இது குட்டி ஈனும்போது செய்யும் வழக்கமான உதவிதான் என்று ஒரு சான்று வாங்கி இணைத்தால் மனுவின் எடை கூடும்.

*கூடவே, தரவை அழிக்காதே என்று ஒரு வரி.* நீக்கிய பதிவையும் அதன் விவரங்களையும் 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. புலனாய்வுக்காக என்றுதான் அது சொல்கிறது. இருந்தாலும் நீங்கள் எழுத்தில் கேட்டுவிட்டால், பிறகு ‘அழிந்துவிட்டது’ என்று அவர்கள் சுலபமாகச் சொல்ல முடியாது. அந்த 180 நாள் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் படங்களையும் மெயிலையும் சேனலோடு கலக்காமல் தனியாகக் கேளுங்கள். சேனல் விதிமீறலுக்கும் மாமனாரின் படத்துக்கும் என்ன சம்பந்தம்? சேனலைத் திருப்பித் தராவிட்டாலும் படங்களைத் தரவிறக்கிக்கொள்ளவாவது அனுமதி கொடு என்பது அவர்களால் மறுக்கச் சங்கடமான கோரிக்கை. அதேபோல, முடக்கிய நாள்வரை சேர்ந்த விளம்பரப் பாக்கி எவ்வளவு என்று கணக்குக் கேளுங்கள்.

*அடுத்தது மேல்முறையீட்டுக் குழு.* இதைப் பற்றிப் பலருக்குத் தெரியவே தெரியாது. 2022 திருத்தத்தில் வந்த விதி 3-ஏ-யின்படி மத்திய அரசு மூன்று குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்தது. 2023 மார்ச் முதல் அவை செயல்படுகின்றன. குறைதீர் அலுவலரின் முடிவு வந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும். மனு, விசாரணை, தீர்ப்பு எல்லாமே இணையவழி. டெல்லி போக வேண்டாம், வக்கீலும் கட்டாயமில்லை. குழு 30 நாளுக்குள் முடிவுசெய்ய முயல வேண்டும், அதன் உத்தரவுக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும். உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு என்பதால் அரசியல் பதிவுகளில் இதன் நடுநிலை பற்றி எனக்குக் கவலை உண்டு. ஆட்டுக்குட்டி வீடியோவில் அந்தக் கவலைக்கு இடமில்லை. குறைதீர் அலுவலர் பதிலே போடாமல் இழுத்தடித்தால், பதில் இல்லை என்பதையே குறையாக எழுதிப் போடுங்கள்.

*நுகர்வோர் ஆணையம்.* இங்கே ஒரு வேறுபாடு உண்டு. வீடியோ தளம் உங்களுக்குப் பணம் கொடுத்தது; அந்த உறவில் உங்களை ‘நுகர்வோர்’ என்று நிறுவுவது சிரமம். சேமிப்பிடத்துக்கு நீங்கள் பணம் கொடுத்தீர்கள். அங்கே நீங்கள் சந்தேகமே இல்லாமல் நுகர்வோர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. மாதாமாதம் பணம் போன வங்கிக் கணக்குப் பட்டியலை எடுத்து வையுங்கள். படங்களை மீட்க எனக்குத் தெரிந்து இதுதான் நல்ல வழி.

*கடைசியில் உயர் நீதிமன்றம்.* மேலே சொன்ன படிகளை ஏறிய பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால் பிரிவு 226-ன் கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு. அதில் முதல் எதிர்மனுதாரர் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். விதியை நிறுவனம் மதிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை என்பது வாதம். நிறுவனம் இரண்டாவது எதிர்மனுதாரர். இப்படிப் போட்டால் ‘தனியார் மீது ரிட் செல்லுமா’ என்ற முதல் கேள்வியிலேயே மனு விழுந்துவிடாது. படிகளை ஏறாமல் நேராகப் போனால், மாற்று வழி இருக்கிறதே, அங்கே போங்கள் என்று நீதிபதி திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

ஒரு மெல்லிய கண்டிப்பும் ஓர் எச்சரிக்கையும்

‘தொடர்ந்த விதிமீறல்’ என்பது முழுப் பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்களே இணைத்த பழைய மெயில்களில், இரண்டு வருஷத்துக்கு முன் குலதெய்வக் கோயில் கிடா வெட்டை வயதுக் கட்டுப்பாடு போடாமல் முழுதாகக் காட்டிய வீடியோவுக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. கிடா வெட்டு நம் வழக்கம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளும் பார்க்கும் தளத்தில், கழுத்து அறுபடுவதை அருகில் வைத்துக் காட்டியதற்கு எச்சரித்தது சரிதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. மனுவில் அதை மறைக்காதீர்கள். ‘அந்த எச்சரிக்கையை ஏற்று வீடியோவை நானே எடுத்துவிட்டேன், அதன் பிறகு இரண்டு வருஷம் எந்தப் புகாரும் இல்லை’ என்று நீங்களே சொல்லுங்கள். அவர்கள் எடுத்துக் காட்டி நீங்கள் விழிப்பதைவிட இது நல்லது.

வீட்டுக்காரர் பெயரில் உடனே புதுச் சேனல் ஆரம்பிக்கலாம் என்ற யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வருவதையே பெரும்பாலான தளங்கள் தனி விதிமீறலாக வைத்திருக்கின்றன. அதே முகம், அதே குரல், அதே கொட்டகை. கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. பிடித்தால் உங்கள் மனுவும் சேர்ந்து கெடும், அவர் கணக்கும் போகும். வேறு நிறுவனத்தின் தளத்தில் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. சந்தாதாரர்களுக்குத் தகவல் சொல்ல வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது என்கிறீர்கள். அங்கே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நிறுவன ஊழியர் எவர் பெயரையும் போட்டுத் திட்ட வேண்டாம். நாளை அது உங்கள் மீதே அவதூறு வழக்காகத் திரும்பும்.

முதல் மனுவின் வரைவைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்றால் மொழிபெயர்ப்பை அவரையே செய்யச் சொல்லுங்கள். சட்டச் சொற்களை மட்டும் நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். அனுப்பிய தேதி, பெற்றுக்கொண்டதாக வந்த எண், பதில் வந்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். குழுவுக்கான 30 நாள் கெடு அந்தப் பதில் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.